ரத்த மாத்திரை

சுராயா: பையக் கீழ வைங்கக்கா.

ஜெய்பு: மாட்டேன். கைய எடு.

சுராயா: திருப்போரூர்ல ஒரு பஸ்ஸு, கேளம்பாக்கத்துல ஒரு பஸ்ஸு. புள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு நின்னுக்கிட்டே வந்திருக்கேன். தண்ணி வேணுமான்னு ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா?

ஜெய்பு: உன்ன யாரு வரச் சொன்னது?

பதரு: மாமி! மாமி! பஸ்ல ஒரு தாத்தா வாந்தி எடுத்தாரு. நான் எடுக்கல!

ஜெய்பு: எடுக்கலியா... என் தங்கம்.

பதரு: தூக்கு.

ஜெய்பு: வேணாம்மா. மாமி பொடவையெல்லாம் மண்ணு. தோ பாரு, அந்தக் கட்டுமரத்தாண்ட கிளிஞ்சல் கொட்டிக் கெடக்குது. போயி பொறுக்கு.

பதரு: தூக்கு மாமி!

ஜெய்பு: சொன்னா கேளு. தண்ணியாண்ட மட்டும் போவாத. போ.

சுராயா: நாலு வருஷமா இடுப்ப விட்டு எறக்காதவங்க, இன்னிக்கு மண்ணுன்றீங்க.

ஜெய்பு: வளந்துட்டா. கனக்கறா.

சுராயா: அந்தப் பொய்ய என்கிட்ட சொல்லுங்க. அவகிட்ட சொல்லாதீங்க. காலைல எழுந்து உங்க பாயத் தடவிப் பாத்துட்டு அழ ஆரம்பிச்சவ, திருப்போரூர் வர்ற வரைக்கும் நிறுத்தல.

ஜெய்பு: பஷீரு இன்னா சொன்னான்?

சுராயா: உங்க தம்பி என்ன சொல்வாரு? துணிக்கடையத் தொறக்காம ரயில்வே ஸ்டேஷன், மசூதித் தெரு, கொளவாய் ஏரிக்கரைன்னு சுத்திட்டு வந்து உக்காந்தாரு. 'எங்கக்கா ஏரில கீரில விழுந்துடுச்சா'ன்னு கேட்டாரு. நான் தான் கோவளமா இருக்கும்னேன்.

ஜெய்பு: அவனும் வந்துக்கினு கீறானா?

சுராயா: வரேன்னாரு. நான் தான் வேணாம்னுட்டேன். நாங்க ரெண்டு பேரும் பேசித் தீக்க வேண்டியதுன்னேன்.

ஜெய்பு: தீக்கறதுக்கு இன்னா கீது? இது என் புருசன் ஊரு. அவரு வூடு இங்க கீது. வந்துட்டேன். அவ்ளோதான்.

சுராயா: எட்டிப் பாத்துட்டுத் தான் வந்தேன் அந்த வீட்ட. கூர பாதி இல்ல. உள்ள ஆடு படுத்திருக்கு.

ஜெய்பு: ஆட்டத் தொரத்தினா போவுது.

சுராயா: சோத்துக்கு?

ஜெய்பு: கருவாடு காயவெக்க ஆளு வேணுமாம். பொன்னின்னு ஒருத்தி, எனக்குப் பழைய சிநேகிதம். நாளைக்கே வான்னா.

சுராயா: நீங்களா? பக்கத்து வீட்ல கருவாடு வறுத்தாலே ஜன்னலச் சாத்துவீங்க!

ஜெய்பு: சிரிக்காத.

சுராயா: சிரிக்கல. அழறதுக்கு நேரம் இல்ல, அதான். திங்கக்கிழமை நான் மெட்ராஸ் போகணும். மறந்துட்டீங்களா?

ஜெய்பு: மறப்பேனா? உன் வெள்ளப் பொடவைக்கெல்லாம் நீலம் முக்கி, கஞ்சி போட்டு, டிரங்குப் பொட்டியில அடுக்கினது யாரு? உங்கம்மாவா?

சுராயா: அடுக்கி வச்சிட்டு சொல்லாம கொள்ளாம கெளம்பிட்டீங்க.

ஜெய்பு: சொன்னா வுடுவியா?

சுராயா: விட மாட்டேன். இப்பவும் விட மாட்டேன். ரெண்டு வருஷப் படிப்புக்கா. எங்க ஆஸ்பத்திரிலேர்ந்து ஒரே ஒரு நர்ஸத் தான் அனுப்பறாங்க. முடிச்சிட்டு வந்தா, டாக்டரால போக முடியாத ஊருக்கெல்லாம் நான் போவேன். நானே பாத்து, நானே சோதிச்சு, நானே மருந்து குடுப்பேன்.

ஜெய்பு: தெரியும். தெனம் சோறு போட்டுக்கினே கேட்டது தான. அந்த நெம்மேலிப் பொண்ணு கதையும் தெரியும்.

சுராயா: அது கதை இல்ல.

ஜெய்பு: கோவப்படாத. கேட்டுக்கினு தான் இருந்தேன். சொல்லும்போதெல்லாம் சாப்புடாம கைய கழுவிடுவ.

சுராயா: லோகநாயகின்னு பேரு அவளுக்கு. கல்யாணமாகி ஒரு வருஷம் கூட ஆகல. கண்ணு செவந்து வலிக்குதுன்னு மரத்தடி கிளினிக்குல என்கிட்ட தான் காட்டினா. குஷ்டத்துல அப்படி வரும். எனக்கு என்னன்னு தெரிஞ்சுது. சொட்டு மருந்து பெட்டிக்குள்ள இருக்கு. ஆனா டாக்டர் பாக்காம நான் போடக் கூடாது. அவரு ஒருத்தரு, எத்தன ஊரத் தான் பாப்பாரு? அடுத்த வாரம் தான் வர முடிஞ்சுது. அதுக்குள்ள ஒரு கண்ணு போயிடுச்சு. அந்தப் பொண்ணு என்னத் திட்டவே இல்ல. 'நீங்க என்னம்மா பண்ணுவீங்க'ன்னா. அதுக்கப்புறம் தான் நான் இந்தப் படிப்பக் கேட்டேன்.

ஜெய்பு: 'போடி, நான் கீறேன்'னு நான் தான் சொன்னேன்.

சுராயா: நீங்க தான் சொன்னீங்க. அப்புறம்?

ஜெய்பு: அப்புறம் இன்னா... பதருக்கு ஒரு ஆள வெச்சுக்க. பக்கத்து வூட்டு சம்பூர்ணம் நல்ல பொம்பள.

சுராயா: சம்பூர்ணத்துக்கே வீடு நெறைய புள்ளைங்க. உங்க தம்பி என்ன சொன்னாருன்னு தெரியாதா உங்களுக்கு? 'எங்கக்கா வீட்ல இருந்தா போ. இல்லன்னா மெட்ராசும் வேணாம், இருக்கிற வேலையும் வேணாம்.' உங்க முன்னாடி தான சொன்னாரு?

ஜெய்பு: அப்டித் தான் சொல்லுவான். நாலு நாளு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கெடப்பான். அப்புறம் சரியாப் பூடுவான்.

சுராயா: உங்க கூடப் பொறந்தவரு. உங்ககிட்ட சரியாவாரு. நான் பொண்டாட்டி. வேலைக்குப் போயிட்டு வந்து, கெணத்தடியில தலையோட தண்ணி ஊத்திக்கிட்டு தான் இன்னிக்கும் நான் வீட்டுக்குள்ள காலு வைக்கறேன்.

ஜெய்பு: அதுக்கு வெந்நி போட்டு வெச்சிக்கினு நிக்கறேன் இல்ல?

சுராயா: நிக்கறீங்க. அதான் கேக்கறேன். நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா?

ஜெய்பு: இல்ல.

சுராயா: ஜமாத்துல யாராவது...

ஜெய்பு: அவங்க எப்ப பேசல? நீ கட்டிக்கினு வந்த அன்னிக்கே பேசினாங்க. 'பஷீருதீன் பொண்டாட்டி குஷ்ட ஆஸ்பத்திரி நர்சு, அந்த வூட்ல நாஸ்தா கூடத் துன்னாதீங்க'ன்னு. நான் வுட்டேனா? வாசல்ல நின்னு கத்தினேன் இல்ல?

சுராயா: மூணு தெருவுக்குக் கேட்டுது.

ஜெய்பு: பின்ன?

சுராயா: எழுவத்தொண்ணுல இவ பொறந்து, லீவு முடிஞ்சு நான் வேலைக்குப் போனப்போ... மத்தியானம் ஆனா இவளத் துணியில சுத்தி, கொடையப் பிடிச்சிக்கிட்டு, ஆஸ்பத்திரி கேட்டுக்கே தூக்கிட்டு வருவீங்க. புளியமரத்தடியில உக்காந்து நான் பால் குடுப்பேன். ரோட்ல போறவங்க நம்மள நோயாளின்னு நெனச்சு காறித் துப்பிட்டுப் போவாங்க.

ஜெய்பு: துப்பினா துப்பட்டும். புள்ள பசிக்கி அழுவுதே.

சுராயா: துப்பினவன் மேல செருப்ப வேற எறிஞ்சீங்க.

ஜெய்பு: மேல படல.

சுராயா: அப்படிப்பட்டவங்க இப்போ ஏன் போறீங்க?

ஜெய்பு: அலுத்துப் போச்சு.

சுராயா: என்னது?

ஜெய்பு: அலுத்துப் போச்சுடீ! உன் வூட்ல நான் இன்னா ஆயாவா? உன் புள்ளைக்கு ஊட்டி, உன் புருசனுக்கு வடிச்சிக் கொட்டி... ஊரே உன்ன 'சிஸ்டர் சிஸ்டர்'னு கூப்புடுது. என்ன இன்னான்னு கூப்புடுது? வாழாவெட்டி. எனக்கு இன்னா கெடச்சுது இதுல?

பதரு: மாமி, ஏன் கத்தற?

ஜெய்பு: கத்தல கண்ணு. காத்துல அம்மாவுக்குக் கேக்கல, அதான்... நீ ஆடு. தண்ணியாண்ட போவாத.

சுராயா: ஆயான்னு நான் உங்கள நெனச்சிருக்கேனா?

ஜெய்பு: ...இல்ல.

சுராயா: அப்போ ஏன் சொன்னீங்க?

ஜெய்பு: சொன்னா ரோசப்பட்டு எழுந்து போவன்னு பாத்தேன்.

சுராயா: போக மாட்டேன். கையக் காட்டுங்க.

ஜெய்பு: இன்னாத்துக்கு?

சுராயா: இடது கை. வந்ததுலேர்ந்து முந்தானைக்குள்ளயே வச்சிருக்கீங்க. காட்டுங்க.

ஜெய்பு: அருவாமண பட்டுது.

சுராயா: அருவாமண இல்ல. அடுப்பு. முந்தாநேத்து கொதிக்கிற பால் சட்டியத் துணி இல்லாம எறக்கினீங்க. தோலு வழண்டு போச்சு. நீங்க பாட்டுக்குப் பால ஆத்திக்கிட்டு இருந்தீங்க.

ஜெய்பு: ...பாத்தியா?

சுராயா: பாத்தேன். போன நோன்புல கஞ்சிச் சட்டியையும் அப்படித் தான் எறக்கினீங்க. கொப்புளம் வந்தது கூட உங்களுக்குத் தெரியல. அன்னிக்கே பாத்தேன்.

ஜெய்பு: நோன்புலயா? யா அல்லா...

சுராயா: உக்காருங்க. உக்காருங்கக்கா. பயப்படாதீங்க. அதுக்கப்புறம் தான் நான் உங்களுக்கு மாத்திர குடுக்க ஆரம்பிச்சேன். ரத்தம் கம்மியா இருக்கு, ரத்தம் ஊற மாத்திரன்னு சொல்லி... அது ரத்த மாத்திர இல்ல.

ஜெய்பு: தெரியும்.

சுராயா: என்ன தெரியும்?

ஜெய்பு: ரத்த மாத்திர இல்லன்னு தெரியும். வெள்ளையா, சின்னதா... மொத நாளு நீ உள்ளங்கையில வெச்சப்பவே எனக்குத் தெரிஞ்சி போச்சு. அதே மாத்திரைய என் புருசன் முழுங்கிப் பாத்துகீறேன்.

சுராயா: உங்க... அவருக்கா?

ஜெய்பு: அவருக்குத் தான்.

சுராயா: புள்ள இல்லன்னு அவரு உங்கள அனுப்பிட்டாருன்னு தான வீட்ல எல்லாரும்...

ஜெய்பு: அவரு என்ன அனுப்பல. அவரு தான் போனாரு. நல்ல டெய்லரு. திருவெடந்த, நெம்மேலி எல்லாம் அவருகிட்ட தான் துணி தெக்கக் குடுக்கும். வெரலு மடங்க ஆரம்பிச்சதும் கத்திரி புடிக்க முடியல. கொஞ்ச நாளு மாத்திர துன்னாரு. அப்புறம் ஊருல சாடமாடையா பேச ஆரம்பிச்சாங்க. ஒரு நாளு தண்ணி எடுத்துக்கினு வந்து பாக்கறேன், மிசினு கீது, ஆள் இல்ல. எங்க போனாரு, உசுரோட கீறாரா, இன்னிய வரைக்கும் எனக்குத் தெரியாது.

சுராயா: இத்தன வருஷமா இத யாருக்கும் சொல்லலியா நீங்க?

ஜெய்பு: எங்கம்மா சாவற வரைக்கும் அவளுக்கு மட்டும் தெரியும். அவ தான் சொன்னா, 'புள்ள இல்லன்னு அனுப்பிட்டான்னு சொல்லிடு. குஷ்டக்காரன் பொண்டாட்டின்னு தெரிஞ்சா உன் தம்பிக்கு எவன் பொண்ணு குடுப்பான்'னு. சொல்லிட்டேன். நீ வந்த.

சுராயா: என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். நான் அந்த ஆஸ்பத்திரியில தான வேல செய்யறேன்?

ஜெய்பு: சொல்லியிருந்தா உன் புள்ளைய என் கையில குடுத்திருப்பியா? குடுத்திருக்க மாட்ட.

சுராயா: மாத்திரைய முழுங்கினீங்களா? இல்ல...

ஜெய்பு: ஒண்ணு வுடாம முழுங்கினேன். இன்னிக்கி வாயத் தொறப்பா, நாளைக்கி வாயத் தொறப்பான்னு உன் மூஞ்சியப் பாத்துக்கினே முழுங்கினேன்.

சுராயா: நீங்க கேப்பீங்க, நீங்க கேப்பீங்கன்னு நான் பாத்துக்கிட்டே குடுத்தேன்.

ஜெய்பு: நல்லா கீது போ. ஒரே அடுப்புல ஒல வெச்சிக்கினு... நீ ஏன்டீ சொல்லல?

சுராயா: சொன்னா பேரப் பதியணும். பேரப் பதிஞ்சா வீட்ல இருக்கிற எல்லாரையும் பாக்கணும்னு எங்க ஜீப்பு வாசலுக்கு வரும். அம்ம ஊசி குத்த வர்ற ஜீப்புன்னா புள்ளைங்க பின்னாடியே ஓடும். எங்க ஜீப்பப் பாத்தா கதவச் சாத்துவாங்க. உங்க தம்பி கடையில எவன் துணி எடுப்பான்? உங்கள வீட்ல வச்சிருப்பாரா? எங்க வார்டுலேர்ந்து ஒரு பெரியவரு மாம்பழம் கொண்டு வந்து குடுத்துட்டு, தண்ணி வாங்கிக் குடிச்சாரே, அந்தக் கண்ணாடி டம்ளர...

ஜெய்பு: அந்த ஆளு தெரு முனை தாண்டல, அதுக்குள்ள என் தம்பி தூக்கிப் போட்டு ஒடச்சான். நான் தான் பெருக்கினேன்.

சுராயா: அதான் சொல்லல. உங்களுக்காகத் தான்...

ஜெய்பு: எனக்காகவா?

சுராயா: ஆமா.

ஜெய்பு: சுராயா... என் மூஞ்சியப் பாத்து சொல்லு.

சுராயா: உங்கள வெளிய அனுப்பிட்டா புள்ளைய யாரு பாத்துப்பாங்கன்னும் நெனச்சேன். மெட்ராசுக்கு என்னத் தான் அனுப்பப் போறாங்கன்னு அப்பவே மேட்ரன் சொல்லியிருந்தாங்க.

ஜெய்பு: அதான.

சுராயா: என்ன அதான? வேற எப்படி நெனைக்கச் சொல்றீங்க? வீட்டுக்கு வந்தா நான் பொண்டாட்டி, அங்க போனா நர்சு, ரெண்டுக்கும் நடுவுல நீங்க ஒருத்தங்க தான் நின்னீங்க. நீங்க வெலகினா நான் மொத்தமா கீழ விழுவேன். அது தப்பா?

ஜெய்பு: தப்புன்னு நான் சொல்லலியே. நானும் வாய மூடிக்கினு தான இருந்தேன். எனக்கு வெளிய யாரு கீறா? படுத்தா அது என் கழுத்தக் கட்டிக்கினு தான் தூங்கும். காலு ஒண்ணத் தூக்கி என் மேல போட்டுக்கும்... அத வுட்டுட்டுப் போவ மனசு வரல.

சுராயா: போகாதீங்க. யாரு உங்களப் போகச் சொன்னது? மாத்திர சாப்பிட ஆரம்பிச்சா கொஞ்ச நாள்ல மத்தவங்களுக்குத் தொத்தாது. எங்களுக்கு அதான் மொதப் பாடம். கைப் புண்ண இன்னிக்கே நான் கட்டறேன். அடுப்புகிட்ட போகும்போது துணி பிடிச்சிக்கிட்டே எறக்கணும், அவ்வளவு தான். மாசா மாசம் மெட்ராஸ்லேர்ந்து வந்து மாத்திர குடுத்துட்டுப் போறேன். படிப்பு முடிஞ்சதும் உங்க தம்பிகிட்ட நானே எல்லாத்தையும் சொல்றேன். பையக் குடுங்க.

ஜெய்பு: மாத்திர துன்ன ஆரம்பிச்சா தொத்தாது.

சுராயா: தொத்தாது.

ஜெய்பு: ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி? சொல்லு. நீ தான படிச்சவ. மாத்திர குடுத்தது போன நோன்புல. அதுக்கு முன்னாடி அது யாரு மடியில வளந்துது? யாரு வாயால ஊதி ஊதி சோறு ஊட்டினது?

சுராயா: எல்லாருக்கும் வராதுக்கா. நூத்துக்கு ஒருத்தருக்குக் கூட...

ஜெய்பு: நூறு பேரு கதை எனக்கு வேணாம். பதரு! இங்க வா கண்ணு.

சுராயா: அவள ஏன் கூப்பிடறீங்க?

ஜெய்பு: ஏன் ஓடி வந்தேன்னு கேட்டுக்கினே கீறியே. காட்டறேன். நேத்து குளிப்பாட்டும்போது...

சுராயா: வேணாம்.

ஜெய்பு: இன்னா வேணாம்?

சுராயா: அவ கவுனத் தூக்காதீங்க. வேணாம்க்கா.

ஜெய்பு: ...நீயும் பாத்துட்டியா?

சுராயா: அது தேமல்.

ஜெய்பு: சுராயா...

சுராயா: தேமல் தான். வெயில்ல ஆடறா. வயித்துல பூச்சி இருந்தாலும் புள்ளைங்களுக்கு அப்படி வெளுக்கும்.

ஜெய்பு: எப்ப பாத்த?

சுராயா: பக்ரீதுக்குப் புது கவுன் போட்டு விட்டப்போ.

ஜெய்பு: பக்ரீதா! தொட்டுப் பாத்தியா? தெனம் ஊரான் வூட்டுப் புள்ளைங்க முதுகெல்லாம் தொட்டுப் பாக்கற. உன் புள்ள முதுகத் தொடலியா?

சுராயா: தொடல.

ஜெய்பு: ஏன்டீ?

சுராயா: தொட்டா தெரிஞ்சிடும். தெரிஞ்சிட்டா நான் எங்க போறது? உங்க கண்ணுல படாம நானே குளிப்பாட்டி எண்ண தேச்சேன். பவுடர் போட்டேன். வெயில் கொறஞ்சா போயிடும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். டிரங்குப் பெட்டியப் பாக்கும்போதெல்லாம் சொல்லிக்கிட்டேன். இன்னொரு நர்சு இப்படிப் பண்ணியிருந்தா அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன் நான்.

ஜெய்பு: அழாத. புள்ள வந்துக்கினு கீது. கண்ணத் தொட.

சுராயா: நீங்க ஏன் நேத்தே என்கிட்ட சொல்லல?

ஜெய்பு: சொன்னா நீ மெட்ராஸ் போவ மாட்ட. நான் இல்லன்னாலும் எப்டியாவது போயிடுவ, அந்தப் புள்ளையாண்ட என் காத்து படாம இருந்தா அதுவா மறஞ்சிடும்னு நெனச்சேன். எனக்கு இன்னா தெரியும்? ஓடறதத் தவிர வேற எதுவும் தோணல.

சுராயா: நீங்க ஓடினா அது மறையாதுக்கா.

ஜெய்பு: அப்போ தொட்டுப் பாரு.

சுராயா: இங்கயா?

ஜெய்பு: இங்கயே. என் எதிர்ல. தொட்டது புள்ளைக்குத் தெரிஞ்சா தேமலு தான், நான் பையத் தூக்கிக்கினு உன் பின்னாடியே வரேன். நீ திங்கக்கெயம மெட்ராஸ் போ. இல்லன்னா...

சுராயா: இல்லன்னா நான் போகல. நாளைக்குக் காலைல உங்க ரெண்டு பேரையும் நானே கூட்டிட்டுப் போறேன். ரெண்டு பேர் பேரையும் நானே சொல்றேன். ஜீப்பு வாசல்ல வந்து நிக்கட்டும். உங்க தம்பி என்ன வேணா சொல்லட்டும், வேலைய விடுன்னாலும் விடறேன்... சின்னப் புள்ளைங்களுக்கு சீக்கிரம் ஆறிடும்க்கா. மருந்து இருக்கு.

ஜெய்பு: மருந்து கீது. பள்ளிக்கூடத்துல பக்கத்துல உக்கார யாருனா கீறாங்களா?

பதரு: மாமி! பாரு, கவுன் நெறைய கிளிஞ்சல்!

ஜெய்பு: அடேங்கப்பா. கொட்டு, இங்க கொட்டு.

பதரு: அம்மா ஏன் அழறாங்க?

ஜெய்பு: மண்ணு விழுந்துடுச்சு கண்ணுல.

சுராயா: பதரு, இங்க வா. அம்மா மடியில குப்புறப் படுத்துக்கோ. ஒரு வெளையாட்டு ஆடலாம்.

பதரு: இன்னா வெளையாட்டு?

சுராயா: என் பொடவையிலேர்ந்து ஒரு நூலு எடுக்கறேன், பாரு. இந்த நூலால உன் முதுகுல தொடுவேன். நீ பாக்கக் கூடாது. எங்க தொட்டேன்னு வாயால சொல்லணும். அக்கா, அவ கண்ணப் பொத்துங்க.

ஜெய்பு: நானா?

சுராயா: நீங்க தான். நல்ல கையால பொத்துங்க.

பதரு: மாமி கை கரகரன்னு கீது.

ஜெய்பு: மண்ணு கண்ணு. அசையாம படு.

சுராயா: ஆரம்பிக்கலாமா? ம்... எங்க தொட்டேன்?

பதரு: கழுத்து! ஐயோ, கூசுது!

சுராயா: சரி. இப்போ?

பதரு: தோளு!

சுராயா: இப்போ?

பதரு: இடுப்பு! நான் தான் ஜெயிச்சேன்!

ஜெய்பு: சுராயா, அந்த எடத்துல தொடு.

சுராயா: தொடறேன். இருங்க...

ஜெய்பு: நான் உன் கைய புடிச்சிக்கவா?

சுராயா: வேணாம். தோ... இப்போ சொல்லு பதரு. எங்க தொடறேன்?

பதரு: ...

சுராயா: எங்கம்மா?

ஜெய்பு: நல்லா யோசிச்சி சொல்லு கண்ணு. அவசரம் இல்ல.

சுராயா: பதரு... இப்போ? இப்போ எங்க?

பதரு: நீ இன்னும் தொடவே இல்லியேம்மா!